ஆத்தாவின் முக வலிக்குக் கத்தியில்லாத காமா நைஃப்

தேவகோட்டைக்காரன்:
ஆத்தாவுக்கு வயது 71. இடது கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலி. சில விநாடிதான், ஆனால் துடித்துப்போவார். முகம் கழுவினால் வரும், வெள்ளைப் பணியாரம் ஒரு வாய் மென்றால் வரும், வளவில் காற்று முகத்தில் பட்டாலே வரும். பல்வலி என்று இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். பல் போனது, வலி போகவில்லை. அப்புறம்தான் ஒரு நரம்பு டாக்டர், ட்ரைஜெமினல் நரம்பு வலி, அதாவது முகத்தின் உணர்வு நரம்பில் வருகிற வலி என்று கண்டுபிடித்தார். கார்பமாஸெபைன் மாத்திரை நன்றாகவே கேட்டது. அளவு கூடக்கூடத் தலை சுற்றல். ஒருநாள் நிலைப்படியில் தடுமாறி விழப்பார்த்தார்.

தலையைத் திறக்க ஒத்துக்கொள்ளவில்லை. காமா நைஃப் என்கிற கதிர் சிகிச்சைக்குப் பெங்களூரு போனோம். பெயரில்தான் கத்தி. மரத்துப்போக ஊசி போட்டு, நாலு திருகு வைத்துத் தலையில் ஒரு சட்டம் மாட்டினார்கள். வலித்தது அந்த ஊசி மட்டும்தானாம். கோபால்ட்-60இலிருந்து ஏறக்குறைய 200 கதிர்கள். தனித்தனியே வலுவில்லாதவை, நரம்பில் எல்லாம் கூடுகிற புள்ளியில்தான் வேலை. முடியை மழிக்கவில்லை. ஆத்தா முதலில் கேட்டதே அதைத்தான்! மறுநாளே வீடு திரும்பினோம்.

உடனே வலி போகும் என்று நினைத்தது என் தப்பு. ஒரு மாதம் அப்படியே இருந்தது, ஏமாந்துவிட்டோமோ என்றுகூடப் பேசினோம். ஆறாவது வாரம் குறைய ஆரம்பித்தது. இப்போது உதட்டோரம் லேசாக மரமரப்பு, அவ்வளவுதான்.

காரைக்குடி ஆச்சி:
தம்பி, எனக்குக் காது நரம்பில் கட்டி, 2 செ.மீ., புற்றுநோய் இல்லை. ஒரே தடவை கதிர். ஆறு மாத ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, எனக்குத் தூக்கமே போச்சு. முதலில் வீங்கித்தான் அடங்கும் என்றார் டாக்டர். மூன்று வருடமாக வளரவில்லை. ‘கட்டி கரைஞ்சிருச்சா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கரையவில்லை, உள்ளேதான் இருக்கிறது, வளராமல் இருந்தால் போதும். காது கேட்பதுதான், போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

கண்டனூரான்:
எல்லாருக்கும் ஆகாது. என் அண்ணனுக்குக் கட்டி 4 செ.மீ.க்கு மேல், மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன்தான் செய்தார்கள். பொதுவாக 3 செ.மீ.க்குள் இருந்தால்தான் இதை யோசிப்பார்களாம். இன்னொன்று: ஸ்வீடன் டாக்டர் லார்ஸ் லெக்செல் 1951இல் இந்த முறையை முன்வைத்தபோது, ஆரம்பத்தில் எக்ஸ்ரே வைத்து முயன்றது தேவகோட்டை ஆத்தாவுக்கு வந்த அதே முக வலிக்குத்தான்.

தேவகோட்டைக்காரன்:
அப்படியா! மாத்திரை விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். வலி குறைந்ததும் ஆத்தா தானாக நிறுத்தப் பார்த்தார். டாக்டர் விடவில்லை, நாலு மாதத்தில் படிப்படியாகத்தான் குறைத்தார்.