புதுப்பிப்பு: புரோஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் அப்பாவின் சிறுநீர்க் கசிவு

சென்னையில் ரோபோ முறையில் புரோஸ்டேட் சுரப்பியை அகற்றிய பின் அப்பாவுக்குச் சிறுநீர் கசிகிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது பகலில் மட்டும் கசிவை உறிஞ்ச ஒரு மெல்லிய பாட் (pad). இரவில் அதுவும் இல்லை.

கைகொடுத்தது, இருமுவதற்கும் எழும்புவதற்கும் முன்பே இடுப்புத்தளத் தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இறுக்கச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். வாயுவை அடக்குவதுபோல் இறுக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக்கூடாது. அப்பா முதலில் பிட்டத்தைத்தான் இறுக்கினார். யாழ்ப்பாணத்தில் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்த்துத் திருத்தினார். பிளேன்ரீயை (பால் சேர்க்காத தேநீர்) குறைத்ததும் உதவியது (அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை). தண்ணீரைக் குறைக்கவில்லை; சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலடையும்.

எதிர்பாராதது, காலையில் கசிவே இல்லாதவருக்குப் பின்னேரம் கசிந்தது. தசை களைத்துவிடுவதுதான் காரணமாம். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதை மட்டும் வைத்தியர் வேண்டாம் என்றார்.