நமீபியாவில் ஓரிக்ஸ் வேட்டை: படம் எடுப்பது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் அனுமதி பெற்ற ஓரிக்ஸ் (நீளக் கொம்புள்ள, மான் மாதிரி விலங்கு) வேட்டைக்குப் போறேன். விழுந்த விலங்கை மரியாதையா படமெடுக்க என்ன செய்யணும்?

பதில் 1: முதல்ல துப்பாக்கியில குண்டு இல்லாம காலி பண்ணுங்க. மூக்கு, வாய் ரத்தத்தை ஈரத்துணியால துடைச்சு, தொங்குற நாக்கை உள்ளே தள்ளி வாயை மூடுங்க. கால்களை அடியில மடக்கி, விலாவுக்குக் கல் முட்டுக் கொடுத்து நிமிர்த்துங்க. தாமதிச்சா உடம்பு விறைச்சு கால் மடங்காது.

பதில் 2: கேமராவைத் தரையோட தாழ்த்துங்க. அப்பதான் நீளக் கொம்பு வானத்துல துல்லியமா தெரியும். பின்னால புதர் இருந்தா அதோட கலந்துடும். 50-85 மி.மீ. லென்ஸ் நல்லது, அகலக்கோண லென்ஸ்ல முன்னால இருக்கிற தலை ஊதிப்போகும். தொப்பி நிழல் முகத்தை மறைக்கும், பகல்லயும் ஃபிளாஷ் போடுங்க. விலங்கு மேல உட்காரவே வேண்டாம்.

பதில் 3: வெயில்ல இறைச்சி சீக்கிரம் கெடும். சட்டுனு முடிச்சுட்டு குடலை எடுக்கச் சொல்லுங்க.