ரைபோ-செக் தரவை எந்தப் பிரவுசரில் பார்க்கிறீர்கள்?

வணக்கம். ஈஸ்ட் செல்களின் ரைபோ-செக் தரவு கையில் இருக்கிறது. அதாவது, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் மூடிக் காத்த, சுமார் 28 எழுத்து நீள ஆர்.என்.ஏ. துண்டுகள். பிக்விக் கோப்பாக்கி (ஜீனோமின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பைச் சேமிக்கும் வடிவம்), ஜீனோமை வரைபடமாகக் காட்டும் யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசரில் ஏற்றினேன். ஜீன்களின் தொடக்கம் தெளிவாகவே தெரிகிறது, ஆனால் ரைபோசோம் மும்மூன்று எழுத்தாக நகர்வதால் மூன்று எழுத்துக்கு ஒருமுறை வரவேண்டிய ஏற்ற இறக்கத்தைக் காணோம்.

அப்புறம்தான் உறைத்தது: முழுத் துண்டையும் வரைந்தால் அது மங்கிப்போகும். 5' முனையிலிருந்து 12 எழுத்து தள்ளி, பி-தளத்தை (ரைபோசோமுக்குள் வளரும் புரதம் பிடிபட்டிருக்கும் இடம்) மட்டும் குறிக்க வேண்டுமாம். சரி, அந்த 12 எல்லா நீளத் துண்டுகளுக்கும் பொருந்துமா, இல்லை ஒவ்வொரு நீளத்துக்கும் தனியாகக் கணக்கிடுகிறீர்களா?

வெளியான ரைபோ-செக் தரவுகளைப் பார்க்க ஜிவிப்ஸ்-விஸ் என்ற இணையப் பிரவுசர் போதும். அதுபோன்ற இன்னொரு தளமான ட்ரிப்ஸ்-விஸ் மூன்று பிரேமையும் (ஆர்.என்.ஏ.வை மும்மூன்று எழுத்தாகப் படிக்கக்கூடிய மூன்று வழிகள்) நிறம் பிரித்துக் காட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் சொந்தத் தரவை ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கோப்பை எப்படித் தயார் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.