பலாக்கொட்டையைப் புளிக்க வைத்து பிராய்லர் குஞ்சுக்குப் போடலாமா?

நாகலூர் விவசாயி:
வணக்கம். கம்பெனிக்கு வளர்க்கவில்லை, சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்த்து ஏற்காட்டிலேயே விற்கிறேன். சோயாப் பிண்ணாக்கைச் சேலத்திலிருந்து மலையேற்றுவதற்குள் வண்டி வாடகை கண்ணைக் கட்டுகிறது. இங்கே காப்பித் தோட்டங்களில் பலா பழுத்து விழுந்து கிடக்கிறது. கொட்டையைப் புளிக்க வைத்து, முதல் நாளிலிருந்தே சோயாவுக்குப் பதிலாகக் கொடுக்கலாமா?

ஆத்தூர்க்காரன்:
கொடுக்கலாம் அண்ணா, ஆனால் சோயாவில் கை வைக்காதீர்கள். மக்காச்சோளத்தில் குறையுங்கள். காய்ந்த பலாக்கொட்டையில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். புரதம் நூற்றுக்கு 12 பக்கம், சோயாவிலோ 45. 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சோயாவை எடுத்துவிட்டுக் கொட்டை மாவைப் போட்டால், 22 சதவீதம் இருக்க வேண்டிய புரதம் 19-க்கும் கீழே போய்விடும். குஞ்சு வயிறு முட்டத் தின்னும், எடை மட்டும் ஏறாது.

முதல் இரண்டு வாரம் வேண்டாம். அப்புறம் 100 கிலோ தீவனத்துக்கு 5 கிலோ காய்ந்த கொட்டை மாவில் தொடங்கி, எச்சம் இளகாமல் இருந்தால் 10 வரை போங்கள்.

பச்சைக் கொட்டையில் புரதம் செரிக்க விடாத பொருள் ஒன்று உண்டு. வேகவைத்தால்தான் அது அடங்கும், புளிப்பை மட்டும் நம்ப முடியாது. வெந்ததும் தோலை உரித்து நொறுக்கி, ஆறியபின் புளித்த மோர் விட்டுப் பிசைந்து, டிரம்மில் காற்றில்லாமல் அழுத்தி மூடுங்கள். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற மட்டும் வழி வேண்டும். திறந்ததும் இட்லி மாவு வாசம் வந்தால் சரி. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால், அதை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடாதீர்கள். டிரம்மில் உள்ளது முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுத்துவிடும்.

ஓமலூர் தம்பி:
எங்கள் காட்டில் ஆமணக்கு நிறைய இருக்கிறது. அதையும் இப்படிச் செய்யலாமாங்க?

ஆத்தூர்க்காரன்:
வேண்டவே வேண்டாம் தம்பி. அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. நம் வீட்டு டிரம்மில் புளிக்க வைத்து அது முழுதாகப் போனதா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. கொட்டையை எண்ணெய்க்குப் போடுங்கள், பிண்ணாக்கு வயலுக்கு உரமாகட்டும்.

நாகலூர் விவசாயி:
தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் ஆடியில் இங்கே மூடுபனியும் சாரலும்தான். எப்படிக் காயவைப்பது?

ஆத்தூர்க்காரன்:
அந்த ஈரத்தில் காயவைக்கவே வேண்டாம். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ஈரமாகவே போடுங்கள். ஈர மாவில் பாதிக்கு மேல் தண்ணீர், அதனால் 5 கிலோ காய்ந்த மாவு என்று நான் சொன்ன இடத்தில் ஈரமாவு 10 கிலோவாவது பிடிக்கும். ஒரு வேளைக்கு ஆவதை மட்டும் எடுத்து, உலர் தீவனத்தோடு பிசறி உடனே வையுங்கள். டிரம்மை அப்போதே அழுத்தி மூடிவிட வேண்டும். தட்டில் மீந்ததை அடுத்த வேளைக்கு விடாதீர்கள், கீழே சிந்தி உமி நனைந்தால் அந்த இடத்து உமியையும் மாற்றுங்கள்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. முதல் டிரம்மிலிருந்து ஒரு மாதிரியைக் கொண்டுபோய் புரதமும் பூஞ்சை நஞ்சும் பார்த்துவிட்டு, அதன் பிறகு எல்லாக் குஞ்சுக்கும் போடுங்கள் அண்ணா.