24 வோல்ட் லாரியில் சப்வூஃபர்: பேஸ் அடிச்சா ஆம்ப் கட் ஆகுது, எதை மாத்தணும்?

எண்ணூர் டிரைலர்

வணக்கம் நண்பர்களே. வண்டி 40 அடி கன்டெய்னர் டிரைலர், துறைமுகம் – ஒரகடம் லைன். துறைமுகத்தோட ஜீரோ கேட்டுக்கு வரிசை கட்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல நின்னா எப்ப நகரும்னு யாருக்கும் தெரியாது. கேபின்ல பாட்டுதான் துணை.

இப்ப இருக்கிற செட்டு: 12 வோல்ட் யூஎஸ்பி பிளேயர், கதவுல ரெண்டு ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னாடி போர்ட் பாக்ஸ்ல (காத்து ஓட்டை வெச்ச பெட்டி) 12 இஞ்ச் சப், மோனோ ஆம்ப் ஒண்ணு. ஆம்ப் மேல 1800 வாட்னு போட்டிருக்கு. ரெண்டு பேட்டரில ஒண்ணுல இருந்து 12 வோல்ட் லைன் எடுத்து ஓட்டுறோம்.

பாதி சத்தம் வரைக்கும் பிரச்சினை இல்ல. பேஸ் இறங்குற இடம் வந்தா ஆம்ப்ல சிவப்பு லைட் எரிஞ்சு கட் ஆகும், கொஞ்ச நேரத்துல தானா வரும். ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல ‘ஊய்ய்’னு விசில் வேற. காலையில செல்ஃபும் சோம்பலா சுத்துது. கடையில கேட்டா, “ஆம்ப் பத்தல, 3000 வாட் போடு, சப்பையும் 15 இஞ்சா மாத்திடு”ங்கிறாங்க. கையில 20,000 இருக்கு. எந்த ஆம்ப், எந்த சப் எடுக்கலாம்?

கொருக்குப்பேட்டை மன்னன்

தல, ஒரு ஃபாரட் கெபாசிட்டர் மாட்டு, கட் ஆகிறது நின்னுடும். நம்ம பொலேரோ பிக்கப்ல போட்டிருக்கேன், இடி மாதிரி இருக்கு.

புதுப்பேட்டை ஒயர்மேன்

பொலேரோ 12 வோல்ட் வண்டி, இது 24. ரெண்டையும் ஒரே கணக்குல பாக்காதீங்க மன்னா.

டிரைலர் அண்ணே, ஆம்ப் வாங்குற பேச்சை ஒரு ஓரமா வைங்க. ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்கி இதைப் பாத்து எழுதுங்க. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியிலயும் தனித்தனியா எத்தனை வோல்ட்? ஆஃப் பண்ணி நாலஞ்சு மணி நேரம் கழிச்சு எத்தனை? பேஸ் அடிக்கும்போது ஆம்ப் டெர்மினல்லயே முள்ளை வெச்சா என்ன காட்டுது? சப் ஒயரை ஆம்ப்ல இருந்து கழட்டிட்டு ஓம்ஸ் எவ்வளவு? ஆம்ப் பக்கவாட்டுல சொருகியிருக்கிற ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்? பவர் ஒயர் என்ன சைஸ்?

இன்னொண்ணு: எந்த பேட்டரிக்கு அடிக்கடி தண்ணி ஊத்துறீங்க?

எண்ணூர் டிரைலர்

ஷெட்ல வெச்சு பாத்தாச்சு. இன்ஜின் ஓடும்போது பாட்டு லைன் எடுத்த பேட்டரி 13.0, இன்னொண்ணு 15.1. நிறுத்தி வெச்ச பிறகு 12.1, 12.8. பேஸ் அடிக்கும்போது ஆம்ப்ல 9.7 வரைக்கும் இறங்குது. சப் 1.8 ஓம்ஸ். ஆம்ப் பின்னாடி ‘குறைந்தது 2 ஓம்ஸ்’னு போட்டிருக்கு. ஃப்யூஸ் ஒரே ஒரு 40. பவர் ஒயர் ரெண்டரை ஸ்கொயர் (சதுர மி.மீ.), பேட்டரில இருந்து கேபின் வரை அஞ்சு மீட்டர் இருக்கும். எர்த் சீட் போல்ட்ல கொடுத்திருக்கு.

தண்ணி விஷயம் எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு? பாட்டு லைன் இல்லாத பேட்டரிதான் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கு. அதுல மேல வெள்ளையா பூத்தும் கிடக்கு.

புதுப்பேட்டை ஒயர்மேன்

நினைச்சது சரியா போச்சு. பொறுமையா படிங்க.

ரெண்டு பேட்டரியும் சீரிஸ்ல இருக்கு. ஆல்டர்னேட்டர் மொத்தமா 28 வோல்ட் சொச்சம் கொடுக்குது, ரெண்டுக்குள்ளயும் ஒரே கரன்ட்தான் ஓடும். நீங்க கீழ் பேட்டரில மட்டும் பாட்டுக்கு உறிஞ்சுறீங்க. அது எப்பவும் அரைவயிறு, 13.0-ல நிக்குது. மேல இருக்கிறது ஏற்கெனவே நிறைஞ்சது, ஆனா மிச்ச வோல்ட் முழுக்க அது தலையில விழுது. 15.1 போனா உள்ள கொதிக்கிற மாதிரி குமிழ் விட்டு, தண்ணி வாயுவாப் பிரிஞ்சு போயிடும். இப்படியே விட்டா ஒண்ணு சல்ஃபேட் பிடிச்சுச் சாகும், இன்னொண்ணு காய்ஞ்சு சாகும். காலையில செல்ஃப் சோம்பலுக்கும் இதுதான் காரணம். இப்படி ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருந்து 12 வோல்ட் ‘நடு டேப்’ எடுக்கிற பழக்கம் லாரி லைன்ல எல்லாரும் பண்றதுதான். சின்ன ரேடியோவுக்கு வண்டி தாங்கும், சப்வூஃபருக்கு தாங்காது.

அடுத்து ஆம்ப் ஏன் கட் ஆகுது. சப் 1.8 காட்டுறது நல்ல ரீடிங். மீட்டர் காட்டுற டிசி ஓம்ஸ் எப்பவும் பேர்ல சொல்ற 2 ஓம்ஸைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். ஆக ஷார்ட்டும் இல்ல, இம்பிடன்ஸ் (சப்போட ஓம்ஸ்) பிரச்சினையும் இல்ல. 9.7 வோல்ட்தான் வில்லன். மீட்டர் மெதுவா காட்டும், உண்மையில அந்த நொடி இன்னும் கீழ போயிருக்கும். பெரும்பாலான ஆம்ப் 10 வோல்ட் பக்கம் வந்தாலே தன்னைக் காப்பாத்திக்க மூடிக்கும். ரெண்டரை ஸ்கொயர் ஒயர்ல 30 ஆம்பியர் இழுத்தா, போற வழியிலயே ஒரு வோல்ட்டுக்கு மேல போயிடுது. சீட் போல்ட் எர்த்துல எவ்வளவு போகுதுன்னு யாருக்குத் தெரியும்!

3000 வாட் ஆம்ப் போட்டா? அது இன்னும் அதிகமா இழுக்கும், இன்னும் சீக்கிரம் கட் ஆகும். கடைக்கு வியாபாரம், உங்களுக்கு பேட்டரி செலவு.

சீல்டு பாக்ஸ்

ஆம்ப் ஸ்டிக்கர் பத்தி நான் சொல்றேன். 40 ஆம்பியர் ஃப்யூஸை 13.8 வோல்ட்டால பெருக்குங்க, 552 வாட் உள்ள போகுது. கிளாஸ் டி ஆம்ப்ல (கரன்ட்டை அதிகம் வீணாக்காத வகை) நூத்துக்கு 80 வெளிய வரும்னு வெச்சாலும் 440. அப்ப அந்த 1800 எங்கிருந்து வந்தது? பிரிண்டிங் பிரஸ்ல இருந்துதான். வாங்கும்போது ‘ஆர்எம்எஸ்’னு (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்) எழுதியிருக்கிற நம்பரை மட்டும் பாருங்க. ஆம்ப் வாட்டை அளக்கிற தரமான சி.இ.ஏ. 2006 முத்திரை இருந்தா 14.4 வோல்ட், 4 ஓம்ஸ், 1 சதவீதத்துக்கு மேல டிஸ்டார்ஷன் இல்லாம அளந்த நம்பர்னு அர்த்தம். அது நம்பக்கூடியது.

மன்னன் சொன்ன கெபாசிட்டருக்கும் கணக்கு போடலாம். ஒரு ஃபாரட்ல இருந்து 40 ஆம்பியர் இழுத்தா 25 மில்லிசெகண்ட்ல ஒரு வோல்ட் இறங்கிடும். 40 ஹெர்ட்ஸ் பேஸோட ஒரே ஒரு சுத்து அவ்வளவுதான். அப்புறம் அதையும் சேர்த்து அதே மெலிஞ்ச ஒயர்தான் நிரப்பணும்.

கொருக்குப்பேட்டை மன்னன்

சரி சரி, ஒத்துக்கிறேன். ஆனா எதுக்கு 12 வோல்ட்டுக்கு இறங்கணும்? ரிச்சி ஸ்ட்ரீட்ல 24 வோல்ட் கிளாஸ் டி போர்டு குவிஞ்சு கிடக்கு, விலையும் சல்லிசு. டி.பி.ஏ.3116 போர்டு நேரா ரெண்டு பேட்டரிக்கும் சேர்த்து கொடுத்துடலாமே?

புதுப்பேட்டை ஒயர்மேன்

யோசனை நல்லது, ஆள் தப்பு. அந்த சிப்புக்கு ஓட்டக்கூடிய எல்லை 26 வோல்ட். வீட்ல 24 வோல்ட் அடாப்டர்ல அருமையா பாடும். லாரி ஓடினா 28. முதல் டிரிப்புலயே புகை. நேரா 24 லைன்ல போடணும்னா 36-க்கு மேல தாங்குற போர்டா இருக்கணும், அதோட ஆல்டர்னேட்டர் ஸ்பைக்கைத் தடுக்க முன்னாடி ஃபில்டர் வேணும். ரோட்ல நிக்கிற வண்டிக்கு இந்த வேலை வேண்டாம்.

டிரைலர் அண்ணனுக்கு என் வழி: 24-ல இருந்து 12-க்கு இறக்குற டிசி கன்வெர்ட்டர், தொடர்ந்து 30 ஆம்பியர் தாங்குறது. ‘பீக் 30’ன்னு எழுதியிருந்தா வாங்காதீங்க. இது ரெண்டு பேட்டரியிலயும் சமமா இழுக்கும். 13.8 வோல்ட்ல 30 ஆம்பியர்னா 414 வாட். பிளேயருக்கு ஒரு 5 ஆம்பியர் ஒதுக்கிட்டு மீதியில பாத்தா, ஆம்புக்கு 250 வாட் ஆர்எம்எஸ் நிம்மதியா கிடைக்கும். கன்வெர்ட்டரை கேபின்ல ஆம்ப் பக்கத்துலயே வைங்க. 24 பக்கம் கரன்ட் 17 ஆம்பியர்தான், அஞ்சு மீட்டருக்கு 6 ஸ்கொயர் காப்பர் ஒயர் போதும். கன்வெர்ட்டர்ல இருந்து ஆம்ப் வரை 10 ஸ்கொயர். அலுமினியத்துக்கு செம்பு முலாம் பூசினதையும் அதே பளபளப்போட விக்கிறாங்க, நுனியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா வைங்க கீழ. 25 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டை பேட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள்ள. இதை மட்டும் சோம்பல் படாதீங்க, ஃப்யூஸ் இல்லாத ஒயர் சேசிஸ்ல உரசினா கேபினே எரியும்.

லாரிக்குன்னு ரெண்டு விஷயம். கேபின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, சேசிஸோட ஒரு பட்டை எர்த்தை நம்பித்தான் இருக்கு. அதனால சீட் போல்ட்ல எர்த் வேண்டாம், நெகட்டிவையும் பேட்டரில இருந்தே தனி ஒயரா கொண்டு வாங்க. உங்க விசில்ல பாதி இதுலயே போகும். மீதிக்கு ஆர்சிஏ ஒயரை (பிளேயர்ல இருந்து ஆம்புக்குப் பாட்டு கொண்டு போறது) ஒரு பக்கமும் பவர் ஒயரை மறு பக்கமும் ஓட்டுங்க. ரெண்டாவது, கேபின் முன்னால கவிழ்ற வண்டி. ஒயரை இறுக்கிக் கட்டிட்டா, அடுத்த தடவை மெக்கானிக் கேபினைத் தூக்கும்போது பிச்சுக்கிட்டு வரும். கம்பெனி ஹார்னஸ் வளைஞ்சு போற இடத்துலயே லூஸ் விட்டு ஓட்டுங்க.

சீல்டு பாக்ஸ்

சப் விஷயத்துல எனக்கு ஒரு கருத்து. 15 இஞ்ச் வேண்டவே வேண்டாம், 12-ம் அந்தக் கேபினுக்கு அதிகம். சின்ன இடத்துல அடைச்சு வெச்சா கீழ் ஸ்வரத்தைக் கேபினே தூக்கிக் கொடுக்கும். ரெண்டேகால் மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 75 ஹெர்ட்ஸுக்குக் கீழ அந்த உதவி ஆரம்பிக்கும். பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். ராஜா சார் பாட்டுல அந்தக் கிட்டார் நடை போடுறது கேக்கணும்னா 40 வரைக்கும் சுத்தமா வந்தா போதும், 20-க்கு அலைய வேண்டாம்.

எனவே 10 இஞ்ச், சீல்டு பாக்ஸ் (ஓட்டை இல்லாம முழுசா அடைச்ச பெட்டி), உள்ளளவு 17 லிட்டர் சுமாருக்கு. சப்போட காகிதத்துல என்ன அளவு சொல்லியிருக்கோ அதுதான் கடைசி வார்த்தை. சப் ஆர்எம்எஸ் 250–300 இருக்கட்டும். வாய்ஸ் காயில் பாத்து வாங்குங்க: ஒரே சப்ல ரெண்டு 4 ஓம்ஸ் காயில் இருந்தா பேரலல்ல 2, சீரிஸ்ல 8. உங்க ஆம்புக்கு 2 சரி. ரெண்டு 2 ஓம்ஸ் காயில் உள்ளதை வாங்கிட்டு பேரலல் கொடுத்தா 1 ஓம்ஸ், ஆம்ப் காலி.

படுக்கை இடம் முக்கியம்னா சீட்டுக்கு அடியில போற 8 இஞ்ச் ஆக்டிவ் சப்பும் இருக்கு, ஆம்ப் உள்ளேயே. சத்தம் கம்மிதான், ஆனா வரிசையில நிக்கிற வண்டிக்கு அதுவே எனக்குப் பிடிக்கும். பக்கத்து வண்டிக்காரனும் தூங்கணும்ல.

பாக்ஸை எம்டிஎஃப்ல பண்ணாதீங்க. துறைமுகக் காத்துக்கும் மழையில ஒழுகுற கண்ணாடி ரப்பருக்கும் ஊதிப் பிளந்துடும். 710 மெரைன் பிளை 18 எம்எம். அப்புறம் அதை நாலு போல்ட் போட்டு தரையில பிடிங்க. இப்ப உங்க 12 இஞ்ச் பாக்ஸ் உங்க தலைக்குப் பின்னாடி சும்மா சாஞ்சு நிக்குதா? சடன் பிரேக் அடிச்சா அது எங்க வந்து விழும்னு யோசிச்சுப் பாருங்க.

எண்ணூர் டிரைலர்

சும்மா கயிறு கட்டித்தான் நிக்குது. இன்னிக்கே இறக்கிடுறேன்.

ஓனர்கிட்ட பேசினேன். கன்வெர்ட்டர், ஒயர், ஃப்யூஸ் முதல்ல. பழைய ஆம்பையே வெச்சுக்கிட்டு சப் மட்டும் 10 இஞ்ச் மாத்துறதா முடிவு. அந்தத் தண்ணி குடிக்கிற பேட்டரியை மட்டும் மாத்தினா போதுமா?

புதுப்பேட்டை ஒயர்மேன்

முதல்ல ரெண்டையும் தனித்தனியா 12 வோல்ட் சார்ஜர்ல நிறைச்சு லோட் டெஸ்ட் பண்ணுங்க. தேறலன்னா ஜோடியாத்தான் மாத்தணும். புதுசையும் பழசையும் சீரிஸ்ல கட்டினா இதே கதை மறுபடி.

எண்ணூர் டிரைலர்

கன்வெர்ட்டர் மாட்டியாச்சு, நடு டேப்பைக் கழட்டியாச்சு. ஓடும்போது 14.0, 14.1. விசில் சுத்தமா போச்சு. சப் மாட்டி 80 ஹெர்ட்ஸ் லோ பாஸ் (அதுக்கு மேல உள்ள சத்தத்தை சப்புக்கு விடாத வடிகட்டி) வெச்சிருக்கேன். ஆம்ப்ல இருக்கிற கெயின் திருகை (உள்ள வர்ற சிக்னலை எவ்வளவு பெருக்கணும்னு வைக்கிறது) எவ்வளவு திருப்பணும்? காதால வெச்சா எப்பவும் அதிகமாத்தான் தோணுது.

சீல்டு பாக்ஸ்

காதை நம்பாதீங்க. சப் ஒயரைக் கழட்டுங்க, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்துல வைங்க, பிளேயர் சத்தம் முக்கால்வாசி. போன்ல 50 ஹெர்ட்ஸ் டோன் இறக்கி பென் டிரைவ்ல போட்டு ஓட்டுங்க. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி ஆம்ப் அவுட்ல வைங்க. 250 வாட், 2 ஓம்ஸ்: ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 22.4. கெயினை மெதுவா ஏத்தி 22-ல நிறுத்திடுங்க. அப்புறம் அந்தத் திருகு மேல ஒரு துண்டு டேப் ஒட்டுங்க, இல்லன்னா கிளீனர் தம்பி ஒரே ராத்திரியில கடைசி வரைக்கும் திருப்பிடுவான்.