ஸ்கிரிப்ட்ல ஒரு புரோகிராம் இருக்கா எண்டு பாக்க: விச்சா, கொமாண்ட் -வீயா?

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:
அண்ணாமார், போன மாசம் நான் பட்ட பாடு இது. பெக்கப் ஸ்கிரிப்ட்ல, ஃபைல் கொப்பி பண்ணுற ஆர்சிங்க் (rsync) இருக்கா எண்டு பாக்க முதல்ல "விச் ஆர்சிங்க்"தான் இருந்தது, அது பழசு எண்டு ஒராள் சொன்னதால இப்பிடி மாத்தினன்:

இஃப் கொமாண்ட் -வீ ஆர்சிங்க் &> /டெவ்/நல்

கடைசித் துண்டு, வாற எழுத்தெல்லாத்தையும் காட்டாம வீச. லெப்டொப்ல பாஷ் எண்ட ஷெல்ல (கட்டளைய வாசிச்சு ஓட்டுறது) இல்லாத பேர் குடுத்தும் பாத்தன், சரியாத்தான் இருந்தது. புது உபுண்டு சேர்வர்ல எஸ்எச்சா (/பின்/எஸ்எச்ல ஓடுற மாதிரி) குரோன்ல (நேரத்துக்குத் தானா ஓட்டுறது) போட்டா, அங்க ஆர்சிங்க் இன்ஸ்டோலே பண்ணேல்ல, ஆனா செக் "இருக்கு" எண்டுது, அடுத்த வரி நொட் ஃபவுண்ட், அதுக்கடுத்த வரி பழைய பெக்கப்ப அழிக்குது!! 9 நாள் ஒருத்தரும் கவனிக்கேல்ல. நான் திரும்ப விச்சுக்கே போறன்.

வெள்ளவத்தை_அண்ணை:
போங்கோ தம்பி. விச் எண்டா வாசிக்கிறவனுக்கே விளங்கும். டெபியன் லினக்ஸ்காரரும் 2021ல "விச் வேண்டாம்" எண்டு வோர்னிங் போட்டுப் பாத்தவை, பிறகு அவையின்ர டெக்னிக்கல் கமிட்டியே அந்த வோர்னிங்க எடுக்கச் சொல்லிட்டுது.

தெமட்டகொடை_நானா:
தம்பி, பழிய கொமாண்ட் -வீ மேல போடாதீங்க, வில்லன் அந்த &>. அது பாஷ் பழக்கம். உபுண்டுல 2006ல 6.10 வந்ததுல இருந்து /பின்/எஸ்எச் எண்டா டாஷ் எண்ட வேற ஷெல். டாஷுக்கு & தனி, > தனி. அதாவது செக்க பின்னணில ஓடவிட்டுட்டு, வெறும் > /டெவ்/நல் மட்டும் தனிக் கட்டளையா ஓடும், அது எப்பவும் 0 தரும், அதாவது "சரி". விச்சுக்குப் பின்னால &> போட்டிருந்தாலும் இதே கதிதான். > /டெவ்/நல் 2>&1 எண்டு எழுதுங்க.

நம்பாட்டி குரோன் அனுப்பின மெயில பாருங்க. இருக்கிற புரோகிராமையும் இப்பிடி செக் பண்ணியிருந்தா அதுட பாத் (இருக்கிற இடம்) அதுக்குள்ள விழுந்திரிக்கும்.

வெள்ளவத்தை_அண்ணை:
சரி நானா, &> பிழை, ஒத்துக்கொள்ளுறன். அதுக்காக விச் என்ன பாவம் செஞ்சது?

தெமட்டகொடை_நானா:
அது பொசிக்ஸ் எண்ட யுனிக்ஸ் பொது விதிமுறையிலயே இல்ல அண்ணை. சி-ஷெல் எண்ட பழைய ஷெல்லுட ஸ்கிரிப்டா பிறந்தது, பழைய சொலாரிஸ் யுனிக்ஸ்ல புரோகிராம் இல்லாட்டியும் 0 தரும். சின்ன ஃபெடோரா லினக்ஸ் கொன்டெய்னர் எடுத்தா விச்சே இரிக்காது, அப்ப விச் இருக்கா எண்டு பாக்க எத வெச்சு பாக்கிறது? கொமாண்ட் -வீ ஷெல்லுக்குள்ளயே இரிக்கி, 2008 பொசிக்ஸ்ல இருந்து கட்டாயம்.

வெள்ளவத்தை_அண்ணை:
உங்கட கொமாண்ட் -வீ ஃபங்ஷனையும் (ஸ்கிரிப்ட்ல நாங்களே பேர் வெச்சு எழுதுற துண்டு) "இருக்கு" எண்டு சொல்லும். நான் ஆர்சிங்க் எண்ட பேர்லயே ஒரு ஃபங்ஷன் எழுதி வெச்சிருக்கிறன், அப்ப?

தெமட்டகொடை_நானா:
உண்மைதான், அது குறைதான். பாஷ் மட்டும் எண்டா டைப் -பீ, பெரிய பீ (P). எல்லா ஷெல்லுக்கும் வேணுமெண்டா PATH எண்ட டிரெக்டரிப் பட்டியல கோலன்ல உடைச்சு ஒவ்வொரு டிரெக்டரியா -எஃப் (ஃபைலா), -எக்ஸ் (ஓட்டலாமா) ரெண்டும் பாக்கணும். -எக்ஸ் மட்டும் போட்டா ஃபோல்டரும் பாஸாகிடும் 😄 ஆனா புரோகிராம்ட பேர்லயே ஃபங்ஷன் எழுதினது நீங்கதானே!

பம்பலப்பிட்டி_பஸ்:
இவ்வளவு சண்டை எதுக்கு, நேரா ஓடவிட்டு 127 (கட்டளை கிடைக்கேல்ல எண்ட கோட்) வந்தா இல்ல எண்டு எடுங்கோவன்.

தெமட்டகொடை_நானா:
ஆர்சிங்குக்கு அது சரிவராது மச்சான். அது மற்ற சேர்வருக்கு கொப்பி பண்ணேக்க அந்தப் பக்கத்து சேர்வர்ல ஆர்சிங்க் இல்லாட்டியும் இஞ்ச 127தான் தரும். எந்தப் பக்கம் இல்ல எண்டு எப்பிடி கண்டுபிடிக்கிறது?

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:
நானா, இப்பதான் மெயில தேடினன். கர்ல் எண்ட டவுன்லோட் புரோகிராம் இருக்கா எண்டும் அதே &> போட்டு பாத்திருக்கிறன். 9 மெயிலும் ஜங்க் ஃபோல்டர்ல கிடக்கு, எல்லாத்திலயும் /யூஎஸ்ஆர்/பின்/கர்ல் எண்டு ஒரு வரி, கூடவே ஆர்சிங்க் நொட் ஃபவுண்ட். &>ஐ தூக்கிட்டன். அழிக்கிற வரியையும் ஆர்சிங்க் 0 தந்தா மட்டும் ஓடுற மாதிரி உள்ளுக்கு தள்ளிட்டன்.

வெள்ளவத்தை_அண்ணை:
அந்தக் கடைசி வேலைய முதல் நாளே செஞ்சிருக்கலாம் தம்பி. நான் விச்ச விடப்போறதில்ல, ஃபங்ஷன்ட பேர வேணுமெண்டா மாத்துறன்.