கொரிய பைமெட்டல் யோயோ: விமர்சனம் எழுத உட்கார்ந்தேன், சந்தேகத்தில் வந்து நிற்கிறது. உதவுங்கள்!

கயிறுதிரிச்சான்:
வணக்கம். கொரியாவில் தேஜானில் படிக்கிறேன். மூன்று வாரம் முன்பு இங்கேயே உள்ள ஒரு சின்னத் தயாரிப்பாளரிடம் 92,000 வொன் கொடுத்து ஒரு யோயோ வாங்கினேன். பெயர் வேண்டாம், தப்பு யார் மேல் என்றே இன்னும் தெரியவில்லை, புகாரை எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். உடல் 7075 ரக அலுமினியம், வெளி விளிம்பில் ஸ்டீல் வளையம் (இரண்டு உலோகம், அதனால்தான் பைமெட்டல்), விட்டம் 56 மி.மீ., நடுவில் இருக்கும் பேரிங் சி என்கிற அளவு. பெட்டியில் 64.8 கிராம் என்று போட்டிருந்தது, என் சமையல் தராசு 65 காட்டியது, சரி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை எல்லாம் விளிம்பில் இருப்பதால் நின்று சுற்றுகிறது. நான் நூலில் சிக்கல் போட்டு, அதைப் பிரிக்க முழித்து, பாதியில் தும்மி, மறுபடி பிரித்து முடிக்கும்போதும் அதில் பைண்ட் போட்டுக் (இந்த வகை யோயோ தானாக மேலே வராது, நூலை மடித்து உள்ளே சிக்க வைத்துத்தான் வரவழைக்க வேண்டும்) கைக்கு வரவைக்கும் அளவுக்குச் சுழற்சி மிச்சம் இருக்கிறது. என் பழைய மேஜிக்யோயோவில் இது நடக்காது. கொஞ்சம் சாய்த்து எறிந்தாலும் மன்னிக்கிறது.

பிரச்சினை இரண்டு. ஒன்று, நடுக்கம். சுற்றும்போது பக்கவாட்டில் நகத்தை வைத்தால் "டிர்ர்" என்று அடிக்கிறது, நூலிலும் லேசாகத் தெரிகிறது. வாங்கின அன்று இது இருந்ததாக நினைவில்லை. இரண்டாவது, போன வாரம் பேரிங் கீச்சிட்டது என்று அதைக் கழற்றி அறைத்தோழரின் தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு விட்டேன். அன்றிலிருந்து நூலைக் கொஞ்சம் தளர்த்தினாலே தானாக மேலே ஏறி வருகிறது. நேற்று விரல் மூட்டில் ஒரு அடி, இன்னும் வீங்கியிருக்கிறது. பேரிங் போச்சா, இல்லை செய்த விதமே கோணலா?

சிங்கைச் சுழலி:
மூன்று சொட்டா! ஊசி முனையில் தொட்டு வைக்கிற அளவு போதும் ப்ரோ.

பேரிங்கின் உள்வளையம் யோயோவோடு சேர்ந்து சுற்றும், வெளிவளையம் நூலோடு சும்மா நிற்க வேண்டும். நடுவில் கெட்டியான எண்ணெய் தேங்கினால் உள்வளையம் வெளிவளையத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நூல் தளர்ந்த நேரம் பார்த்து அது சுருண்டு இரண்டு பக்கப் பேடிலும் (நூலைப் பிடிக்கிற ரப்பர் போன்ற வளையம்) மாட்டும், உடனே மேலே ஏறிவிடும். பேரிங் போகவில்லை, குளித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் தீர ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள்: மேஜிக்யோயோவின் பேரிங்கை இதில் போடுங்கள். அதுவும் சி அளவு என்றால் உட்காரும். நூல், பேட் எதையும் தொடாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று எப்போதுமே தெரியாது.

நடுக்கத்துக்கு ஒரு கேள்வி. பேரிங்கை எதை வைத்துக் கழற்றினீர்கள்?

பழைய பம்பரம்:
எங்கள் காலத்தில் யோயோ மேலே வரவில்லை என்றால் அழுவோம், இப்போது மேலே வருகிறது என்று அழுகிறார்கள்.

தம்பி, கட்டிங் பிளேயர் என்று மட்டும் சொல்லிவிடாதே.

கயிறுதிரிச்சான்:
கட்டிங் பிளேயர்தான் அண்ணா. 😔

இறுக்கமாக இருந்தது, பிடித்துத் திருகி இழுத்தேன். பேரிங் மாற்றிப் பார்த்தேன், தானாக ஏறுவது சுத்தமாக நின்றுவிட்டது. ஆக அது என் எண்ணெய் வேலை. நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது.

பழைய பம்பரம்:
அப்படியென்றால் அச்சைப் பார். நடுவில் இருப்பது எம்4 தலையில்லாத திருகு, 2 மி.மீ. ஆலன் கீ போதும். வெளியே எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டு. நேராக இருந்தால் அமைதியாக ஓடும், வளைந்திருந்தால் நொண்டும். பிளேயரால் பக்கவாட்டில் திருகி இழுக்கும்போது அந்த பலத்தில் அச்சு வளைந்திருக்கலாம்.

இனிமேல் பேரிங் எடுக்க, அதன் துளைக்குள் இறுக்கமாக நுழைகிற டிரில் பிட்டின் வால் பகுதியைச் செருகி மெதுவாக ஆட்டி எடு. அச்சு அந்தப் பாதியில் இருந்தால் முதலில் கழற்றிவிடு, இல்லையென்றால் பிட் உள்ளே நுழையாது. அப்புறம் இரண்டு பாதியையும் சேர்க்கும்போது விரல் பலம் மட்டும், கீ வைத்து முறுக்காதே, அலுமினிய மரை பிய்ந்தால் அந்தப் பாதி அவ்வளவுதான்.

சிங்கைச் சுழலி:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: அச்சு மாற்றியும் போகவில்லை என்றால் ஸ்டீல் வளையம் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருக்கலாம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. அப்போது அந்தப் புகாரை அனுப்புங்கள்.

எண்ணெய் குடித்த பேரிங்கை, இரண்டு பக்கமும் மூடியிருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, சுத்தமான அசிட்டோனில் போட்டுக் குலுக்குங்கள். வாசனை போட்ட நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம். தகட்டைப் பிடித்திருக்கும் மெல்லிய வளையக் கம்பி குண்டூசியால் நெம்பியதும் தெறிக்கும், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுச் செய்யுங்கள்.

கயிறுதிரிச்சான்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

கவர் அறிவுரையைப் படிக்காமல் நேராக வேலையில் இறங்கியதால் கம்பி தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, ஃபோன் விளக்கு அடித்து ஸ்கேலால் தள்ளி எடுத்தேன். அசிட்டோன் நிறமே இல்லாமல் ஊற்றினேன், டீத்தண்ணி நிறத்தில் வந்தது. காய்ந்த பிறகு பேரிங்கை விரலில் சுண்டினால் சரசரவென்று ஓடுகிறது, சத்தம் அதிகம்தான், ஆனால் யோயோ கீழேயே நிற்கிறது.

அச்சை ஃபோன் திரை மேல் உருட்டினேன், சுற்றுக்கு ஒரு முறை ஒரு முனை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. பக்கத்து இரும்புக் கடையில் அதே 10 மி.மீ. நீளத்தில் புதிது வாங்கிப் போட்டேன். நூலில் நடுக்கம் இல்லை. நகத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. புகாரை அழித்துவிட்டேன்.

நகத்தில் தெரிவதற்கு ஏதாவது செய்யணுமா?

சிங்கைச் சுழலி:
இரண்டு உலோகத்தைச் சேர்த்துச் செய்கிற யோயோ நிறைய இப்படித்தான், நூலில் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் அச்சைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு ஒரு முறை பாருங்கள், சில நேரம் குறையும்.

பழைய பம்பரம்:
எண்ணெயை அறைத்தோழரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. விரல் வீக்கம் எப்படி இருக்கிறது?